மூன்று தடவை பூசிய சுவர்: டிக்கோயா வீட்டின் 218,500 ரூபா

டிக்கோயாவில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதிக் காசில் 1996இல் கட்டியது. மேட்டை வெட்டி எடுத்த இடம், பின்னால் மண் சரியாமலிருக்க ஆளுயரத்துக்குக் கருங்கல் சுவர், அதற்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்கு இடைவெளி. மலைநாட்டில் பாதி வீடுகள் இப்படித்தான் இருக்கும். அம்மாவும் போன பிறகு நான் வத்தளையில், அண்ணன் கனடாவில், வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டிய வீடு ஹட்டன் பக்கத்து மழைக்கு இரண்டு வருடம் தாங்காது என்று எல்லோரும் சொன்னதால் 2023 மார்ச்சில் வாடகைக்கு விட்டோம்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே ஒருவரைப் பிடித்தோம். ஏஜென்ட் என்றதும் பெயர்ப்பலகை, மேசை, கணினி எல்லாம் நினைக்க வேண்டாம். கொம்யூனிகேஷன் கடை வைத்திருப்பவர், போட்டோகொப்பி அடிப்பார், ரீலோட் போடுவார், அதோடு வீடு, காணி, வேன் என்று எதையும் பேசி முடித்துக் கொடுப்பார். எனக்கு மூன்று வகுப்பு மேலே அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர், அதனால் அண்ணன் முறை. இங்கே அவரை ஏஜென்ட் என்றே எழுதுகிறேன், பெயர் யாருக்கும் தேவையில்லை.

பேச்சு இதுதான். வாடகை மாதம் 35,000. குடியிருக்க வந்த டீச்சர் குடும்பம் ஆறு மாத அட்வான்ஸ் தரும். ஏஜென்டுக்கு மாதம் பத்து வீதம், அதாவது 3,500, மிச்சம் 31,500 என் கணக்குக்கு வரும். 'சின்னச் சின்ன ரிப்பேர் வந்தா நான் பாத்துக்கிறேன் தம்பி, நீங்க கவலப்படாதீங்க' என்றார். நானும் கவலைப்படவில்லை. அந்த 'சின்னச் சின்ன' எவ்வளவு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

டீச்சரோடு நொத்தாரிசு முன்னால் நாலு பக்கத்தில் இரண்டு வருட ஒப்பந்தம் எழுதினோம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட்டால்தான் செல்லும் என்பது இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற வழக்கம், அதனால் அதைச் சரியாகவே செய்தோம். ஏஜென்டோடு? நாலு வரிகூட இல்லை. வட்ஸ்அப் குரல் பதிவுகள்தான். எங்கள் காசு முழுக்க அவர் கையைத் தாண்டித்தான் எங்களிடம் வருகிறது, அந்த ஆளோடு எந்தக் காகிதமும் இல்லை, வாடகை கொடுக்கிறவரோடு மட்டும் முத்திரை வைத்த காகிதம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

முதல் மூன்று மாதம் ஒழுங்காக வந்தது. ஜூனில் மழை பிடித்தது. பின் அறையில் சுவர் ஊறி வண்ணம் உரிகிறது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார், ஏஜென்ட் மேசன் பாஸைக் கூட்டிப்போய்க் கொத்திப் பூசி வண்ணம் அடித்துவிட்டு, அதன் பிறகுதான் எனக்குச் சொன்னார். 48,500. வாடகையில் கழித்துக்கொண்டார். நவம்பரில் அதே சுவர், 76,000. அப்போது கொஞ்சம் சூடாகப் பேசினேன். 2024 ஜனவரியில் ஒரு குரல் பதிவும் அனுப்பினேன்: 'அண்ணே, இனிமே என்கிட்ட கேக்காம ஒரு வேலையும் செய்யாதீங்க.' அதற்கு அவர் ஒரு கட்டைவிரல் படம் போட்டார். ஜூலையில் மறுபடி அதே சுவர், இந்தத் தடவை முழுதாகக் கொத்தி, வோட்டர்ப்ரூஃப் பூசி, நாலடி உயரத்துக்கு டைல் ஒட்டியாயிற்று, கூடவே தண்ணீர்த் தாங்கிக் குழாய் வேலையும் என்று 94,000.

17 மாதத்தில் வாடகை 595,000. அவருடைய கமிஷன் 59,500. ரிப்பேர் 218,500. எங்கள் கைக்கு வந்தது 317,000. அண்ணன் கனடாவிலிருந்து இரவு இரண்டு மணிக்கு எடுத்து, 'அவன் கள்ளன், பொலிஸ்ல என்ட்ரி போடு' என்றார். பொலிஸுக்குப் போயிருந்தால் இது காசுத் தகராறு, மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அண்ணனுக்கு அது புரிகிற நேரமில்லை அது.

ஓகஸ்டில் உடரட்ட மெனிக்கே ரயில் ஏறிப் போனேன். வீட்டுக்குப் போகாமல் முதலில் அவர் கடைக்கே போய், பில் எல்லாம் வேண்டும் என்றேன். மறுக்கவில்லை, ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தார், அதுவே எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். நான் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவன், பில்லைப் பார்த்தால் தொகையை விட அளவுகளைத்தான் முதலில் பார்ப்பேன்.

பின் அறைச் சுவர் 12 அடிக்கு 9 அடி. 108 சதுர அடி. அதை அரை அங்குலம் கனத்துக்குப் பூச சீமெந்து ஒரு மூட்டை போதும், கொட்டிச் சிந்துவதைச் சேர்த்தால் ஒன்றரை. முதல் பில்லில் ஐந்து மூட்டை. அதே சுவருக்கு வண்ணம் இரண்டு கை அடிக்க இரண்டு லீட்டர் போதும், ஏனென்றால் ஒரு லீட்டர் ஒரு கைக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் பிடிக்கும், அந்தச் சுவரே அவ்வளவுதான். இரண்டாவது பில்லில் பத்து லீட்டர். சரி, அண்ணன் சொன்னது உண்மைதான் என்று அந்த நிமிடம் நானும் நினைத்தேன்.

வீட்டுக்குப் போன பிறகு கதை மாறியது. முன்வாசல் படிக்கட்டு இரண்டு படி உடைந்திருந்தது எனக்கே தெரியும், அது புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. மிச்ச சீமெந்து அங்கே போயிருக்கிறது. அந்த வேலை 11,000. யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஆனால் செய்ய வேண்டிய வேலை, டீச்சரின் மாமியார் அந்தப் படியில் ஒருமுறை விழுந்திருக்கிறார். வண்ணமோ ஹோல் முழுக்க அடிக்கப்பட்டிருந்தது. டீச்சர் மறைக்காமல் சொன்னார், டிசம்பரில் மகளுக்குச் சடங்கு வைத்தார்களாம், ஹோல் பழசாக இருக்கிறதே என்று ஏஜென்டிடம் கேட்டிருக்கிறார், அவர் 'அதுக்கென்ன டீச்சர், பாஸ் எப்படியும் வர்றாரு' என்று அடித்துக் கொடுத்திருக்கிறார். 29,500. அதாவது ஊரில் ஒரு சடங்கு வீட்டுக்கு நாங்கள் அறியாமலே நல்ல மொய் செய்திருக்கிறோம். டீச்சர் எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கொண்டே இதைச் சொன்னதால் கோபப்படவும் முடியவில்லை.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் 218,500இல் படிக்கட்டு 11,000, ஹோல் வண்ணம் 29,500, தாங்கிக் குழாய் 13,500. மிச்சம் 164,500 முழுக்க அந்த ஒரு சுவருக்கு. முதல் தடவை 37,500, இரண்டாம் தடவை 46,500, மூன்றாம் தடவை 80,500. செய்த வேலை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, பொய்ப் பில் எதுவும் இல்லை. ஆனால் சுவர் இன்னும் ஈரம். டைல் ஒட்டிய நாலடிக்கு மேலே, முன்பு ஈரமே இல்லாத இடத்தில், வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

இதில்தான் எனக்கு ஏஜென்ட் மேல் உண்மையான கோபம் வந்தது. கூரை ஒழுகினால் கறை மேலிருந்து கீழே இறங்கும். பீலி அடைத்தாலும் அப்படித்தான், நான் சொல்வது கூரைப் பீலி, தோட்டத்தில் குளிக்கிற பீலி இல்லை. இந்தச் சுவரில் ஈரம் தரையிலிருந்து இடுப்பு வரை ஏறி நின்றிருக்கிறது, சீலிங் காய்ந்து கிடக்கிறது. அப்படியென்றால் தண்ணீர் மண்ணிலிருந்து சுவருக்குள் ஏறுகிறது. உள்பக்கம் எதைப் பூசினாலும் தண்ணீர் வருவது நிற்காது, சுவர் மூச்சுவிட்டுக் காய்கிற வழியை மட்டும் அடைத்துவிடும், அப்போது ஈரம் இன்னும் மேலே ஏறி அடுத்த திறந்த இடத்தில் வெளியே வரும். டைலுக்கு மேலே வந்தது அதுதான். மூன்று தடவை காசு செலவழித்தவர் ஒரு தடவைகூடப் பின்னால் போய்ப் பார்க்கவில்லையா?

நானும் உடனே பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழையில் அந்த இடுக்குக்குள் போக மனசு வரவில்லை. மறுநாள் அப்பாவோடு அந்த வீட்டைக் கட்டிய பழைய பாஸைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தேன். எழுபதைத் தாண்டியவர், காது கொஞ்சம் மந்தம். பின்னால் போய்க் கருங்கல் சுவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, 'நான் வச்ச ஓட்டையெல்லாம் எங்க?' என்றார்.

மண்ணைத் தாங்குகிற எந்தச் சுவருக்கும் பின்னால் மழைத் தண்ணீர் சேரும், அது வடிந்து வெளியே வரச் சுவரில் வரிசையாகக் குழாய் வைப்பார்கள். வடியாவிட்டால் தண்ணீரின் பாரமும் சேர்ந்து சுவரைத் தள்ளும், வழி கிடைக்காத தண்ணீர் அடியால் போய் எங்காவது எழும்பும். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து இறங்கிய பிறகு எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்காத ஆள் இருக்கக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் மழைக்காலத்தில் எச்சரிக்கை விடும்போது எங்கள் பக்கத்து அம்பகமுவ பெயர் அடிக்கடி வரும். அப்படியிருந்தும் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு ஓட்டைகூட இல்லை. வழவழவென்று பூசி, வெளிர் மஞ்சள் அடித்து, சினிமா செட் மாதிரி இருந்தது. இடுக்கின் தரையும் உயர்ந்திருந்தது, யாரோ நாலு அங்குலம் கொங்கிரீட் போட்டிருந்தார்கள், அது வீட்டுச் சுவரின் அடியில் ஈரம் ஏறாமல் போட்ட தார்ப் படைக்கும் மேலே வந்துவிட்டது. அந்தக் கொங்கிரீட்டின் சரிவு வீட்டுப் பக்கம்.

யாரோ என்று எழுதினேன். அண்ணன்தான். 2021 டிசம்பரில் வந்திருந்தபோது, பின்பக்கம் பாசி பிடித்து அசிங்கமாக இருக்கிறதென்று இரண்டு கிழமை நின்று பூசி, அடியும் போட்டு, வட்ஸ்அப்பில் படமெல்லாம் அனுப்பினார். நானும் 'சூப்பர்' என்று பதில் போட்டிருக்கிறேன், தேடி எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது.

அன்றிரவு அண்ணனோடு பேசியது நீளமான பேச்சு, முழுவதையும் இங்கே எழுத முடியாது. முதலில் பாஸுக்கு வயதாகிவிட்டது என்றார். பிறகு மேலே புதிதாக வீடு கட்டியவர்களின் குசினித் தண்ணீர்தான் காரணம் என்றார், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அவர்களுடைய கழிவுநீர்க் காண் எங்கள் மேட்டில்தான் முடிகிறது. கடைசியில் அமைதியாகி, 'அப்ப அவன்கிட்ட ஒண்ணும் கேக்க முடியாதா?' என்றார்.

கேட்க முடியும். இங்கே ஹட்டனில் ஒரு சட்டத்தரணி அரை மணி நேரத்தில் விளக்கியது எனக்குப் பெரிய உதவி. வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையில் ஓடுவது ரோமன் டச்சுச் சட்டம், வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, அதனால் சுவர் ஊறினால் டீச்சர் எங்களைத்தான் கேட்பார், அது நியாயம். எங்களுக்கும் ஏஜென்டுக்கும் இடையில் ஓடுவது வேறு சட்டம். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, முகவர் விடயங்களுக்கு இங்கிலாந்துச் சட்டத்தைக் கொண்டுவருகிறது. ஒரே சுவர், இரண்டு நாட்டுச் சட்டம். அந்தச் சட்டப்படி முகவர் கொடுத்த அதிகாரத்தைத் தாண்டக்கூடாது, உண்மையான அவசரத்தில் மட்டும் விலக்கு. கணக்குக் காட்ட வேண்டும். எங்களுக்குத் தெரியாமல் இடையில் காசு எடுத்தால் அது எங்கள் காசு. மறுபக்கம், எங்கள் வேலைக்காக நியாயமாகச் செலவழித்ததை நாங்கள் கொடுத்தே ஆக வேண்டும். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான், எழுத்தில் இருந்தால் ஆறு, அதனால் இழுத்தடிக்காதீர்கள் என்றார். ஆனால் இவ்வளவு சிறிய தொகைக்கு நேரே நீதிமன்றம் போக முடியாது, முதலில் மத்தியஸ்த சபை.

அந்த 'இடையில் காசு' விடயம் எதிர்பாராமல் வெளியே வந்தது. பாஸுக்குக் கூலி எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டபோது ஏஜென்ட் மூன்று வேலைக்கும் சேர்த்து 74,000 என்றார். வேலை செய்த பாஸிடம் கேட்டால் அதே தொகையைச் சொன்னார், பிறகு தானாகவே, 'அதுல பத்துக்கு ஒண்ணு அண்ணனுக்கு, அது வழக்கம்தானே' என்றார், அவர் அண்ணன் என்றது ஏஜென்டை. 7,400. இரண்டு பேரும் அதைக் களவு என்று நினைக்கவேயில்லை, தேத்தண்ணிக் காசு. என் பார்வையில் சின்னத் தொகையாக இருந்தாலும் இந்த விவகாரத்தில் கெட்டது என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான், ஏனென்றால் சுவர் மறுபடி மறுபடி ஊறினால் அவருக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வருகிறது. அவர் வேண்டுமென்றே பின்பக்கம் பார்க்காமல் இருந்தார் என்று நான் நம்பவில்லை. பார்க்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மத்தியஸ்த சபை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. சனிக்கிழமை, பாடசாலை வகுப்பறை, பிள்ளைகளின் வாங்கில் நாங்கள், எதிரே மூன்று மத்தியஸ்தர்கள். சட்டத்தரணிகள் வந்து பேச முடியாது. அவர்கள் தீர்ப்பும் சொல்வதில்லை, இரண்டு பக்கத்தையும் பேசவைத்து இணங்கவைப்பதுதான் வேலை, இணங்காவிட்டால் ஒரு சான்றிதழ் தருவார்கள், அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம்.

ஏஜென்ட் அங்கே சொன்னது இதுதான்: 'தம்பி கொழும்புல, பெரியவர் கனடாவுல. மழையில டீச்சர் என்கிட்டதான் ஓடி வர்றாங்க. நான் யார்கிட்ட ஓடுறது? போன் எடுத்தா மீட்டிங்ல இருக்கேன்னு மெசேஜ் வருது.' அது பொய்யில்லை. என் போனில் 2023 ஜூன் மாதம் அவரிடமிருந்து எடுக்காத அழைப்புகள் ஐந்து இருந்தன. அதனால்தான் முதல் வேலையின் 37,500ஐயும் படிக்கட்டையும் குழாயையும் எங்கள் கணக்கில் ஏற்றுக்கொண்டேன். ஹோல் வண்ணம் அவர் வாக்குக் கொடுத்து அடித்தது, 29,500 அவர் பக்கம். 7,400 அவர் பக்கம். இரண்டாவது, மூன்றாவது சுவர் வேலையில்தான் இழுபறி. மூன்றாவதுக்கு ஜனவரி குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன், கட்டைவிரல் படத்தையும். முழுதும் கேட்டிருக்கலாம். ஆனால் மூலக்காரணம் எங்கள் வீட்டு ஆள் அடைத்த ஓட்டை என்பதை நானே சொல்லிவிட்டேன், மத்தியஸ்தர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டையும் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. 23,250, 40,250. எல்லாம் சேர்த்து 100,400, நானூறை விட்டுவிட்டேன்.

எப்படிக் கொடுப்பது என்பதில் அவர் ஒரு யோசனை சொன்னார், மாதம் 3,500 கமிஷனைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று. கேட்க நல்லாயிருக்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 29 மாதம், அவ்வளவு காலமும் அவரை மாற்ற முடியாது. வேண்டாம், 25,000 வீதம் நாலு தடவை என்று எழுதி வாங்கினேன்.

வேலை 2025 ஜனவரியில், மழை இல்லாத நேரத்தில் நடந்தது. பழைய பாஸ் சுத்தியலால் தட்டித் தட்டி, சத்தம் மாறுகிற இடத்தில் உடைத்து, தான் வைத்த 11 ஓட்டையில் பத்தைக் கண்டுபிடித்தார். இரண்டாவது ஓட்டையைத் திறந்ததும் மண் கலந்த தண்ணீர் பீறிட்டு அவர் சாரத்தை நனைத்தது, மழை நின்று எத்தனையோ நாளாகியும். இடுக்கின் கொங்கிரீட்டை உடைத்து எடுத்து, தார்ப் படைக்குக் கீழே வருகிற மாதிரி காண் வெட்டி, சரிவைச் சுவரிலிருந்து விலக்கிப் போட்டோம். மேல் வீட்டுக்காரர் தன் குசினிக் குழாயைத் தெருக் காணுக்குத் திருப்பச் சம்மதித்தார், குழாய் எங்கள் செலவு. மொத்தம் 61,000. உள்ளே டைலைக் கழற்றி, சுவரை ஏப்ரல் வரை வெறுமனே காயவிட்டுத்தான் பூசினோம்.

அதே ஏஜென்ட்தான் இன்னும் பார்க்கிறார். அண்ணனுக்கு விருப்பமில்லை. ஊரில் வேறு யாரைப் போட்டாலும் இவருக்குத் தெரிந்த ஒருவரைத்தான் போட வேண்டும் என்பது அவருக்குப் புரிய நாளாகும். இப்போது ஒரு பக்கத்தில் காகிதம் இருக்கிறது. 10,000 வரை கேட்காமல் செய்யலாம், அதற்கு மேல் படம் அனுப்பி என் பதில் வந்த பிறகு. தண்ணீர், மின்சாரம், கூரை என்று உடனே பார்க்க வேண்டியது வந்து நான் ஒரு நாளுக்குள் பதில் தராவிட்டால் 25,000 வரை அவர் முடிவு. மூலப் பில் மாதக் கடைசியில் எனக்கு வர வேண்டும். பாஸிடம் பங்கு இல்லை, அதற்குப் பதிலாகப் பெரிய வேலைக்கு நின்று மேற்பார்த்தால் செலவில் ஐந்து வீதம் வெளிப்படையாக. இந்தக் கடைசி வரியை வாசித்தபோதுதான் அவர் முகம் கொஞ்சம் மாறியது, 'இத முன்னமே சொல்லியிருந்தா...' என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஜூன் மழையில் டீச்சர் படம் அனுப்பினார், பின்சுவரில் பத்து ஓட்டையிலும் தண்ணீர் கொட்டுகிறது, உள்ளே சுவர் காய்ந்திருக்கிறது, அதில் மகளின் சடங்குப் படத்தைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். மூன்று தவணை வந்துவிட்டது. நாலாவதுக்கு நேற்றுக் கேட்டேன், கட்டைவிரல் படம் போட்டிருக்கிறார்.